‘மூன்று பக்கங்களுக்குக் குறையாமல்’: ஒரு கட்டுரை வகுப்பின் நிகழ்வு ஆய்வு

திருத்த எடுத்துவந்த தாள்கட்டின் மேலே இருந்த கட்டுரையின் முதல் பத்தி இது:

“நூலகம் என்பது நம் அறிவை வளர்க்கும் ஓர் இடம் ஆகும். நூலகத்திற்குச் செல்வதன் மூலம் நாம் நம் அறிவை வளர்த்துக்கொள்ள முடியும். நூலகத்தில் பல்வேறு வகையான நூல்கள் இருக்கின்றன. அந்தப் பல்வேறு வகையான நூல்களைப் படிப்பதன் மூலமாக நமக்குப் பல்வேறு விதமான தகவல்கள் கிடைக்கின்றன. எனவே ஆகையால் அறிவு வளர்ச்சிக்கு நூலகம் மிகவும் இன்றியமையாத ஒன்று என்றால் அது மிகையாகாது.”

43 சொற்கள். ஒற்றுப்பிழை இல்லை, எழுத்துப்பிழை இல்லை, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தைத்தான் சொல்கிறது. ஐந்தாவதும் சுற்றிவந்து அதையே சொல்கிறது. இடையில் ‘பல்வேறு’ மூன்று முறை வருகிறது. ‘எனவே’யும் ‘ஆகையால்’ என்பதும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடக்கின்றன. கடைசியில் ‘என்றால் அது மிகையாகாது’. மிகைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

எழுதியவள் மந்தமான மாணவி அல்ல. வகுப்பில் கேள்வி கேட்டால் இரண்டே வாக்கியத்தில் நறுக்கென்று பதில் சொல்வாள். பேச்சில் இல்லாத இந்த நோய் பேனாவைத் தொட்டதும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தந்த ஒரு பருவம் முழுவதும் நான் துருவிக்கொண்டிருந்த கேள்வி இதுதான். அங்கே செய்தவற்றையும் சறுக்கிய இடங்களையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சிவப்பு மை

பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வதையே நானும் முதலில் செய்தேன். வேண்டாத சொற்களை அடித்தேன். ஓரத்தில் ‘சுருக்கமாக எழுதுக’ என்று குறித்தேன். அடுத்த தாளிலும் அதையே குறித்தேன். அதற்கடுத்த தாளிலும். கூறியது கூறலை ஒழிக்கப் புறப்பட்டவன், ஒரே வாக்கியத்தை ஒரு வகுப்பின் தாள்கள் அத்தனையிலும் எழுதிக்கொண்டிருந்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு கரும்பலகைக்குப் போனேன். ‘ஆய்வினை மேற்கொண்டனர்’ எதற்கு, ‘ஆராய்ந்தனர்’ போதாதா? ‘மழை பெய்த காரணத்தினால்’ என்று ஏன் இழுக்க வேண்டும், ‘மழையால்’ என்று முடிக்கலாமே? ‘சுமார்’ வந்த இடத்தில் ‘ஏறக்குறைய’வுக்கு என்ன வேலை? தமிழ் வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ‘சென்றேன்’ என்றாலே நான்தான். அப்படியிருக்க வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நான்’ என்று கைதூக்கிக் காட்ட வேண்டுமா? ‘என்பது… ஆகும்’ என்ற இரட்டை மாட்டைத் தனியாகவே பிடித்து ஒரு வகுப்பு நடத்தினேன். மாணவர்களுக்கு இது பிடித்துப்போயிற்று. அறிவிப்புப் பலகைகளிலிருந்தும் அழைப்பிதழ்களிலிருந்தும் எடுத்துக்காட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். வேட்டை மும்முரமாக நடந்தது.

மூன்றாம் வாரம், சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று எழுதச் சொன்னேன். வந்த தாள்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

ஒரு மாணவன் முதல் வரியில் ‘சைக்கிள்’ என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் ‘மிதிவண்டி’. மூன்றாவதில் ‘ஈருருளி’. நான்காவதில் ‘அவ்வாகனம்’. படித்து முடித்தபோது பட்டறையில் நான்கு வண்டிகள் பஞ்சராகி நிற்பதாகவே தோன்றியது. கூப்பிட்டுக் கேட்டேன். “ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், ஐயா?” என்றான். சொன்னேன்தான். சொல் திரும்பி வருவதும் பொருள் திரும்பி வருவதும் வேறுவேறு என்று சொல்ல மறந்துவிட்டேன். செய்முறை எழுதும்போது டியூப் என்று தொடங்கினால் கடைசிவரை டியூப்தான். பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிட்டதோ என்று படிப்பவர் திகைப்பார்.

இன்னொருவன் எதிர்த்திசையில் போயிருந்தான். “டயர் கழற்றல். காற்று. நீரில் அமிழ்த்தல். குமிழி. தேய்த்தல். ஒட்டு.” முழுக் கட்டுரையும் இவ்வளவுதான். ஏற்கெனவே பஞ்சர் ஒட்டத் தெரிந்தவனுக்கு இது புரியும். அவனுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. தெரியாதவனுக்கு நீர் எதற்கு, குமிழி எதைக் காட்டுகிறது, எதை எதால் தேய்ப்பது என்று ஒன்றும் விளங்காது.

மூன்றாமவன் சொல்வன்மை அதிகாரத்திலிருந்து 649ஆம் குறளை எடுத்து முதலில் வைத்திருந்தான். குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்களே பல சொல்ல ஆசைப்படுவார்கள் என்ற குறள். அதற்குப் பொழிப்புரை எழுதி, ‘அதாவது’ போட்டு மறுபடி ஒரு பொழிப்புரை எழுதி, அரைப்பக்கத்தை நிரப்பிய பிறகே பஞ்சருக்கு வந்திருந்தான். சிரித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகுதான் யோசித்தேன்: இவனுக்கு அரைப்பக்கத்தை நிரப்ப வேண்டிய அவசியம் எதனால் வந்தது?

மிஞ்சியது ஆறு சொல்

நூலகக் கட்டுரை எழுதியவளை அழைத்து, அந்த முதல் பத்தியை அவளையே சுருக்கச் சொன்னேன். பென்சிலை எடுத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்:

“நூலகத்தில் பலவகை நூல்களைப் படித்து அறிவை வளர்க்கலாம்.”

ஆறு சொற்கள். 43 சொல்லில் இருந்த எந்தச் செய்தியும் விட்டுப்போகவில்லை. சுருக்கும் கலை அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “இதற்கு மதிப்பெண் போடுவீர்களா, ஐயா? மூன்று பக்கங்களுக்குக் குறையாமல் என்றுதானே கேட்டிருந்தீர்கள்?” என்றாள்.

வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய வாக்கியம்தான் அது. ஆண்டுக்கணக்காக எழுதிவருவது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அப்போது என்னை உறுத்தியது வேறொன்று. அந்த ஆறு சொல் வாக்கியம் சுருக்கமானது, பிழையற்றது, ஆனால் அதைப் படித்து யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலுக்கும் மிகைபடக் கூறலுக்கும் பிறகு ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்று ஒன்று வரும். பொருளில்லாமல் சொற்களை வெறுமனே கோத்துவைப்பது. இவ்வளவு நாளும் நான் கூறியது கூறலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நோய் வெற்றெனத் தொடுத்தல். சொல்ல எதுவும் இல்லாத இடத்தில் பக்கத்தை நிரப்ப வேண்டுமென்றால் சொன்னதைத் திருப்பிச் சொல்வதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை. அந்த நிலைமையில் அவள் செய்தது ஒருவகையில் கெட்டிக்காரத்தனம்.

“சரி, தாளை மூடு. கடைசியாக நூலகத்துக்கு எப்போது போனாய்?” என்று கேட்டேன். பேசத் தொடங்கினாள். அவள் பேசியதை அப்படியே எழுதித் தரச் சொன்னேன். மறுநாள் வந்தது இது:

“கடிகாரம் பழுது பார்க்கும் புத்தகம் ஒன்றைத் தேடி நூலகத்துக்குப் போனேன். எனக்கு வேண்டிய பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். திருப்பி வைக்கும்போது பக்கத்தில் சூரியக் கடிகாரம் பற்றிய புத்தகம் இருந்தது. அதைத் தேடி நான் போயிருக்கவே மாட்டேன். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தேடுபொறியில் தேடியது மட்டும் வரும். அலமாரியில் பக்கத்தில் இருப்பதும் வரும்.”

எண்ணிப் பார்த்தேன்: 39 சொற்கள். பழைய பத்தியைவிட நான்குதான் குறைவு. ஆனால் இதில் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஒரு செய்தி போய்விடும். ‘தேடி’ என்ற சொல் இரண்டு முறை வருகிறது, ‘வரும்’ இரண்டு முறை வருகிறது. அடிக்கக் கை எழவில்லை. கடைசி இரண்டு வாக்கியங்களின் பலமே அந்த ‘வரும்’ திரும்பி வருவதில்தான் இருக்கிறது. சுருக்கம் என்பதைச் சொல்லெண்ணிக்கையால் அளந்துகொண்டிருந்த பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

ஓரக் குறிப்பு

அடுத்த வகுப்பிலிருந்து முறையை மாற்றினேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேராக, அந்த வாக்கியம் புதிதாக என்ன சொல்கிறது என்பதை ஓரத்தில் இரண்டு மூன்று சொல்லில் பென்சிலால் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி. அடிப்பது, திருத்துவது எதுவும் அப்போது கூடாது.

நூலகப் பத்திக்கு அவளையே ஓரக் குறிப்பு எழுதவைத்தோம். மேலிருந்து கீழே: ‘அறிவு வளரும்’, ‘அறிவு வளரும்’, ‘நூல்கள் உண்டு’, ‘தகவல் கிடைக்கும்’, ‘அறிவு வளரும்’. மூன்றாவது முறை எழுதும்போது அவளே சிரித்துவிட்டாள். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு கடிகாரப் பத்தி: ‘எதைத் தேடினேன்’, ‘கிடைக்கவில்லை’, ‘வேறொன்று கிடைத்தது’, ‘தேடாதது’, ‘தெரியாதது’, ‘பொறியில் தேடியதே’, ‘அலமாரியில் தேடாததும்’.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. மாணவர்கள் வாக்கியத்தில் இல்லாததை ஓரத்தில் எழுதுவார்கள். ‘நூலகம் இன்றியமையாதது’ என்ற வாக்கியத்துக்கு நேராக ஒருவன் ‘நூலகம் இல்லாத ஊரின் நிலை’ என்று எழுதினான். வாக்கியத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், “நினைத்தது அதுதான், ஐயா” என்றான். இதைப் பிழை என்று கொண்டு முதலில் கண்டித்தேன். பிறகு புரிந்தது, அதுவே புதையல். அவன் எழுத நினைத்தது ஓரத்தில் இருக்கிறது. எழுதியது நடுவில் இருக்கிறது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவந்து, நடுவில் இருப்பதைத் தூக்கி எறிந்தால் போதும். அந்தப் பருவத்தின் நல்ல கட்டுரைகள் சில இப்படி ஓரத்திலிருந்து வந்தவை.

உரக்க வாசிப்பதையும் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் வாசிக்க வேண்டும். கேட்டதையே மறுபடி கேட்பதாகத் தோன்றினால் மற்றவர்கள் கைதூக்க வேண்டும். ஆனால் ஒரு மாணவனை முன்னால் நிறுத்தி வகுப்பே கைதூக்கினால் அவன் மறுநாள் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டான். அதனால் முதல் பலியாக என் எழுத்தையே வைத்தேன். பயிற்சித் தாள் ஒப்படைப்பது பற்றி நானே தயாரித்து ஒட்டியிருந்த அறிவிப்பு: “மாணவர்கள் அனைவரும் தங்கள் பயிற்சித் தாள்களைக் குறிப்பிட்ட தேதிக்குள் தவறாமல் கண்டிப்பாக ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஒப்படைக்கப்படும் தாள்கள் எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.” இரண்டாம் வாக்கியம் தொடங்கியதுமே கைகள் எழுந்தன. ‘தவறாமல்’ இருக்கும்போது ‘கண்டிப்பாக’ ஏன் என்றாள் ஒருத்தி. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “தாள்கள் என்றால் ‘ஏற்றுக்கொள்ளப்படமாட்டா’ என்றுதானே வர வேண்டும், ஐயா?” அதுவும் சரிதான். அதன்பிறகு தங்கள் கட்டுரையை வாசிக்க யாரும் தயங்கவில்லை.

அடிக்கக் கூடாத இடங்கள்

வேட்டையில் இறங்கிய நாய்க்கு முயலும் கோழியும் ஒன்றுதான். வகுப்பு இப்போது எல்லாவற்றையும் அடிக்கத் தொடங்கியது. சைக்கிள் கட்டுரைக்கே திரும்பினோம், ஏனென்றால் வரிசை முக்கியமான எழுத்தில் எதை அடிக்கலாம் என்பது பளிச்சென்று தெரியும். ஒருத்தியின் தாளில் இப்படி இருந்தது:

“முதலில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு டயரைக் கழற்ற வேண்டும். டயரைக் கழற்றிய பிறகு டியூபை வெளியே எடுக்க வேண்டும். டியூபை வெளியே எடுத்த பிறகு அதில் காற்றடிக்க வேண்டும்.”

தமிழில் இதற்கு வினையெச்சம் என்ற அருமையான கருவி இருக்கிறது. வினைகளைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே முற்றால் முடிச்சுப் போடலாம்: “சக்கரத்தையும் டயரையும் கழற்றி, டியூபை வெளியே எடுத்துக் காற்றடிக்க வேண்டும்.” 24 சொல் எட்டாகிவிட்டது, வரிசையும் குலையவில்லை. (‘வெளியே’ எதற்கு, டியூபை வேறெங்கே எடுப்பது என்று ஒருவன் கேட்டான். அவனுக்குப் பாடம் ஏறிவிட்டது என்று தெரிந்தது.) ஆனால் இந்த முடிச்சிலும் ஓர் ஆபத்து உண்டு. எச்சங்களைப் பத்துப் பதினைந்தாக அடுக்கினால் வாக்கியம் ரயிலாகிவிடும். முற்று வருவதற்குள் படிப்பவருக்கு எழுவாய் மறந்துபோகும். நான்கு வினைக்கு மேல் கோத்தால் முழுப்புள்ளி வைத்துவிடுங்கள் என்று ஒரு கணக்கு சொன்னேன். இலக்கண விதி அல்ல, என் கைக்கணக்கு.

அதே தாளில் கீழே இரண்டு வாக்கியங்கள்: “சொல்யூஷனைத் தடவிக் காயும்வரை பொறுங்கள். ஒட்டுவதற்கு முன் காய்ந்துவிட்டதா என்று மறுபடியும் பாருங்கள்.” இரண்டாவதை அடிக்க வேண்டும் என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. எழுதியவள் மறுத்தாள். “எல்லோரும் அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவது இந்த இடத்தில்தான். அதனால்தான் இரண்டு தடவை சொன்னேன்.” அவள் கட்சியே வென்றது. பிழை நேரும் இடத்தில் எச்சரிக்கை இரண்டாம் முறை வரலாம். மற்ற இடத்தில் வரக் கூடாது.

அப்போது ஒருவன் எழுந்து, “பாம்பு பாம்பு என்று அலறுகிறார்களே, அதில் ஒரு பாம்பை அடித்துவிடலாமா, ஐயா?” என்றான். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகு, இலக்கணத்தில் விடை இருக்கிறது என்றேன். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி, கூறியது கூறலைக் குற்றம் என்று சொல்லிவிட்டு, அடுக்குத்தொடருக்கும் இடம் வைத்திருக்கிறார்; அச்சத்திலும் விரைவிலும் மகிழ்ச்சியிலும் சொல் இரட்டிக்கலாம், மூன்றுவரைகூடப் போகலாம். ஒரே பொருள் தரும் இரண்டு சொல் சேர்ந்து வரும் ‘மீமிசை’, ‘உயர்ந்தோங்கிய’ போன்றவற்றையும் சிறப்புக் கருதி அனுமதிக்கிறார். அவர் தடுத்தது பயனில்லாமல் திரும்புவதை.

அந்தப் பழைய பட்டியலில் எனக்கு உதவியது வரிசைதான். குற்றங்களில் முதலில் நிற்பது குன்றக் கூறல். மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் அதற்குப் பிறகே வருகின்றன. பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். அதன் தோளை ஒட்டியே விளங்க வைத்தல் நிற்கிறது, காவலுக்கு நிற்பதுபோல. ‘டயர் கழற்றல். காற்று.’ என்று எழுதியவனுக்கு இதைக் காட்டினேன். அதுமுதல் தாள்களில் சிவப்புக் கோட்டுக்குப் பதிலாக எழுத்துகளைக் குறிக்கத் தொடங்கினேன்: கு, மி, கூ, வெ. ‘சுருக்கமாக எழுதுக’ என்பதைக் காட்டிலும் ‘கூ’ சுருக்கமானது, திட்டுவதுபோலவும் இருக்காது. ‘வெ’ விழுந்த இடத்தில் மட்டும் திருத்தக் கூடாது; என்னிடம் வந்து பேச வேண்டும்.

பருவ இறுதியில் எல்லோரும் தேறிவிட்டார்களா என்றால் இல்லை. சொல்லளவு மிகையைக் களைய ஏறக்குறைய எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், அது எளிது. ‘வெ’ குறைந்தது சிலருக்கே. இரண்டு மூன்று பேர் கடைசிவரை ‘என்றால் அது மிகையாகாது’வை விடவில்லை. அது அவர்களுக்குக் கட்டுரை முடிந்தது என்று மணி அடிப்பதுபோல.

ஒரு சொல் மாற்றம்

வினாத்தாளுக்கு வருகிறேன். மூன்று பக்கங்களுக்குக் குறையாமல் எழுதுக என்று கேட்டவன் நான். எழுதியதைப் பார்த்து ஏன் இத்தனை பக்கம் என்று கடிந்தவனும் நான். பள்ளி நாள் முதல் பக்கத்தை எண்ணி மதிப்பெண் வாங்கிப் பழகியவர்களிடம் இதை மட்டும் மாற்றாமல் வேறு எதை மாற்றியும் பயனில்லை. எனவே ‘குறையாமல்’ என்பதை அடித்து ‘மிகாமல்’ என்று எழுதினேன். கூடவே தலைப்பையும் மாற்றினேன். ‘நூலகத்தின் பயன்கள்’ என்று கேட்டால் அறிவு வளரும் என்ற பதில்தான் வரும். ‘நூலகத்தில் நீ தேடாமல் கிடைத்தது எது?’ என்று கேட்டால் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

உடனே வந்த விளைவு பயம். ஒரு பக்கத்தில் முடித்தவர்கள் தாளைக் கொடுக்க மனமில்லாமல் நின்றார்கள். வெற்றிடம் விட்டால் மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம் அவ்வளவு ஆழமாக இருந்தது. ஒரு பக்கக் கட்டுரைக்கு முழு மதிப்பெண் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அது தணிந்தது.

ஆனால் இறுதித் தேர்வின் வினாத்தாள் என் கையில் இல்லை. எல்லா வகுப்புகளுக்கும் பொதுவானது. அங்கே ‘குறையாமல்’ அப்படியே இருந்தது. நூலக மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தும் முறை. நான் பத்துக்கு எட்டு போட்டேன். மற்றவர் ஐந்து போட்டு, ‘விரிவு போதாது’ என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வினாத்தாள் கேட்டதை அவர் பார்த்தார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்டாள்: “இனி யாருக்காக எழுதுவது, ஐயா?” பொதுத் தேர்வில் இடம் மிஞ்சினால் இன்னோர் எடுத்துக்காட்டு வை, சொன்னதைத் திருப்பாதே என்று சொன்னேன். அரைமனத்தோடு தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு சொல்லைப் பொது வினாத்தாளிலும் மாற்றக் கோரி, காரணங்களோடு அரைப்பக்கத்தில் ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இரண்டு பக்கம் வந்தது. பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்து அதற்கும் ஓரக் குறிப்பு எழுதினேன். முதல் பத்தி: ‘பரிசீலனையில்’. இரண்டாம் பத்தி: ‘பரிசீலனையில்’. மூன்றாம் பத்தி: ‘பரிசீலனையில்’.